யார் வரவில்லை என்று கேட்கிற வேலை: நகர ஆலோசனைக் குழுக்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது. "பிள்ளைக்கு அங்க கமிஷன்ல ஏதோ பதவி கெடச்சிருக்காம், சம்பளம் எவ்வளவு மக்கா?"

பிள்ளை என்று அவர் சொன்னது அவருடைய மகளை, எனக்கு அக்கா. அமெரிக்காவில் ஒரு சிறிய நகரத்தில் பல வருடங்களாக இருக்கிறாள். அந்த ஊர் நகர மன்றம் அவளை ஈக்விட்டி, இன்க்ளூஷன் என்ற இரண்டு விஷயங்களுக்கான ஆலோசனை ஆணையத்தில் உறுப்பினராக நியமித்திருக்கிறது. ஃபோனில் அவள் சுருக்கமாகக் 'கமிஷன்' என்றிருக்கிறாள். நம் ஊரில் கமிஷன் என்றால் தரகுப் பணம், இல்லாவிட்டால் பெரிய சம்பவம் ஏதாவது நடந்த பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமைக்கிற விசாரணை ஆணையம். அவள் போயிருப்பது இரண்டிலும் சேராது. அவளுக்குச் சம்பளமும் கிடையாது.

பெரியம்மாவுக்கு இதை விளக்கி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, நடுநடுவே அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல நானும் நிறையத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. இதே சந்தேகம் மற்றவர்களுக்கும் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே உதாரணங்களை எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அதுதான்.

முதலில் அந்த இரண்டு சொற்கள்

ஈக்விட்டி என்பதைச் சமநீதி என்று சொல்லலாம். சமத்துவம் என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம். யாருக்கு எது தடையாக இருக்கிறதோ அதைக் கணக்கில் எடுத்து, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிற மாதிரி கொடுப்பது சமநீதி.

திங்கட்கிழமை மனு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், யாருக்கும் கதவு சாத்தியிருக்காது, அந்த வகையில் சமத்துவம் இருக்கிறது. ஆனால் காலையில் மீன் பாத்திரமான சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்கப் போகிற பெண்ணுக்குத் திங்கட்கிழமை காலை என்பது வியாபார நேரம், ஐஸ் உருகுவதற்குள் விற்றாக வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் மலையில் இருக்கிற காணிப் பழங்குடி மக்களில் படகேறி அணையைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆட்டோ பிடித்தால் போக வர ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு வர முடியாத மருமகளும் இருக்கிறாள். கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்தாலும், அந்தக் கதவுக்கு வந்து சேர ஒவ்வொருவரும் கொடுக்கிற விலை வேறு. அந்த வித்தியாசத்தைப் பார்த்து, மனு வாங்குகிறவரே மாதம் ஒரு முறை கடற்கரைக்கோ மலைக்கோ போனால், அது சமநீதி.

இன்க்ளூஷன் என்பதை 'அனைவரையும் உட்படுத்துதல்' என்று எழுதுகிறேன், உள்ளடக்கம் என்று எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. வரவிடுவது மட்டும் போதாது, வந்தவர் அந்த இடத்தில் மற்றவர்களைப் போலவே மதிக்கப்பட வேண்டும், பேச வேண்டும், அவர் சொன்னது முடிவில் தெரிய வேண்டும் என்பது இதன் பொருள்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே மனதை விட்டுப் போகாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் ஒரே சலுகை. அதே வருடம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டி, மீன் நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்திலேயே நின்று உரத்த குரலில் நியாயம் கேட்டது காணொளியாகப் பரவியது, முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கட்டணம் இல்லை என்கிற உரிமை அவருக்குக் காகிதத்தில் இருந்தது, இருக்கையில் இல்லை. தண்டனையோடு அந்த விஷயம் செய்திகளிலிருந்து போய்விட்டது. மீன் விற்கும் பெண்கள் சருவத்தோடு பயணம் செய்ய என்ன ஏற்பாடு வேண்டும், எந்த நேரத்தில், எந்த வழித்தடத்தில், நடத்துநர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்கிற கேள்விகள் அதற்கப்புறம்தான் தொடங்க வேண்டும். அந்தக் கேள்விகளை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு குழு இருந்தால் எப்படி இருக்கும்? அக்கா போயிருப்பது அப்படி ஒரு குழுவுக்குத்தான்.

இந்தக் குழுக்கள் எங்கிருந்து வந்தன

அமெரிக்க நகரங்களில் இவற்றின் வேர் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கிறது. 1943-ல் டெட்ராய்டில் நடந்த இனக் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதே வருடம் லாஸ் ஏஞ்சலஸில் கப்பற்படை வீரர்களும் ராணுவ வீரர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைத் தெருவில் தேடித்தேடி அடித்தார்கள், நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியிலும் கலவரம். இதற்கப்புறம் பல ஊர்களில் மேயர்கள் இன உறவுகளுக்கென்று குழுக்களை அமைத்தார்கள். நியூயார்க் மேயர் லகார்டியா 1944-ல் அமைத்த ஒற்றுமைக் குழுவிலிருந்து தொடங்கியதுதான் இன்றைய நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம். சான் பிரான்சிஸ்கோவின் ஆணையம் 1964-ல் வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நியூயார்க் ஆணையத்துக்குச் சட்ட அதிகாரம் உண்டு. வீடு வாடகைக்குத் தரமாட்டேன், வேலை தரமாட்டேன் என்று பாகுபாடு காட்டினால் புகாரை விசாரித்து நடவடிக்கை எடுக்கும். அக்கா இருக்கிற மாதிரியான சிறிய நகரங்களில் இருப்பது பெரும்பாலும் ஆலோசனை சொல்கிற குழு மட்டும்தான். அதனால் அபராதம் விதிக்க முடியாது, ஒரு ரூபாய் செலவு செய்யவும் முடியாது, எந்த அதிகாரிக்கும் உத்தரவு போட முடியாது. நகர மன்றத்துக்குப் பரிந்துரை எழுதலாம். மன்றம் ஏற்கலாம், மறுக்கலாம்.

ஆரம்பத்தில் கறுப்பர், வெள்ளையர் என்ற கேள்வியில் தொடங்கியவை பின்னால் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், குடியேறியவர்கள், ஒருபாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையினர், முதியவர்கள் என்று விரிந்தன. நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் தன்னுடைய பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியையும் சேர்த்தது, அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. இங்கிருந்து கப்பலும் விமானமும் ஏறிப் போன சாதி அங்கே ஒரு நகர மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் வந்து நின்றது என்பதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இப்போது அங்கே காற்று மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் மத்திய அரசில் இந்தப் பெயரிலான திட்டங்களை நிறுத்த உத்தரவு போட்டார். நகர மன்றம் தன் சொந்தத் தீர்மானத்தால் அமைத்த குழுவை அந்த உத்தரவு நேரடியாகக் கலைத்துவிடாது, அங்கே நகரங்களுக்கென்று தனி அதிகாரம் இருக்கிறது.

யார் உட்காருகிறார்கள், என்ன செய்கிறார்கள்

ஊருக்கு ஊர் விதிகள் வேறுபடும், பொதுவான வடிவத்தைச் சொல்கிறேன். உறுப்பினர்களை மேயரோ நகர மன்றமோ விண்ணப்பம் வாங்கி நியமிக்கும். தேர்தல் இல்லை. குறிப்பிட்ட சில வருடங்களுக்குப் பதவிக்காலம். வேறு வேலை பார்க்கிற சாதாரண மக்கள்தான்: ஆசிரியர், செவிலியர், ஓய்வுபெற்றவர், கல்லூரி மாணவர். நகராட்சி ஊழியர் ஒருவர் குழுவுக்கு உதவியாக இருப்பார், கூட்டக் குறிப்பு எழுதுவது, துறைகளிடமிருந்து தகவல் வாங்கித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. பெரும்பாலும் மாதம் ஒரு கூட்டம், பொதுமக்கள் யாரும் வந்து உட்காரலாம், பேச நேரம் ஒதுக்குவார்கள்.

இந்தத் திறந்த கூட்டம் என்பது வெறும் நல்லெண்ணத்தில் நடப்பதில்லை, சட்டமே இருக்கிறது. உதாரணமாகக் கலிபோர்னியாவில் 1953-ல் வந்த ஒரு சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகளும் அவை உருவாக்கிய ஆலோசனைக் குழுக்களும் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தில் திடீரென்று முடிவெடுக்கக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் 'என்ன பேசப் போகிறார்கள்' என்று மூன்று நாள் முன்பே தெரிந்தால்தான் ஒருவர் லீவு போட்டு, பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, கூட்டத்துக்கு வர முடியும்.

பெரியம்மா இந்த இடத்தில் கேட்டார், "அப்போ சும்மா பேசிட்டு எந்திரிச்சு போறதுதானா?" நல்ல கேள்வி. பேச்சு எப்படி வேலையாக மாறுகிறது என்பதை நான் ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக, ஏனென்றால் இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மீன் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே கழிப்பறை இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, சமமான எண்ணிக்கையில். கோப்பில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சமநீதிக் குழு ஒன்று இந்தச் சந்தையை எடுத்துக்கொண்டால் முதலில் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்காது, விடியற்காலையில் சந்தைக்குப் போகும். பெண்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள்? அதிகாலை ஐந்துக்கு. கழிப்பறைக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது? எட்டுக்கு. அப்படியானால் மூன்று மணி நேரம் அவர்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று என்று எத்தனை பேர் மருந்து வாங்குகிறார்கள் என்று கேட்டால் யாரும் முதல் நாள் சொல்லமாட்டார்கள், மூன்றாவது முறை போகும்போது ஒருவர் சொல்வார், அப்புறம் எல்லாரும் சொல்வார்கள். உள்ளே போக ஐந்து ரூபாய் என்றால், நாளைக்கு மூன்று முறை போனால் பதினைந்து ரூபாய். கடைக்காரருக்கு அது ஒன்றுமில்லை, முந்நூறு ரூபாய் லாபம் பார்க்கிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. படி இரண்டு ஏற வேண்டியிருக்கிறது, முழங்கால் போன பாட்டிக்கு அது மலை.

இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு குழு அடுத்து செய்கிற வேலை, அனுதாபக் கடிதம் எழுதுவது கிடையாது. துறையிடம் கணக்குக் கேட்கும்: கழிப்பறை எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, திறக்கும் நேரம் அதில் எழுதியிருக்கிறதா, ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும், வருடக் கட்டண வருமானம் எவ்வளவு. கட்டண வருமானம் மொத்தமே சொற்பம் என்று தெரிந்தால், இலவசமாக்குவதற்கு ஆகும் செலவும் சொற்பம் என்று காட்டிவிடலாம். பிறகு பரிந்துரையை எழுதும். 'மீனவப் பெண்களின் நலனில் அக்கறை செலுத்த வேண்டும்' என்று எழுதினால் அதை யாராலும் நிறைவேற்ற முடியாது, நிறைவேற்றவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. 'சந்தைக் கழிப்பறை அதிகாலை 4.30-க்குத் திறக்கப்பட வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் இதை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். சந்தையில் விற்கும் பெண்களுக்குக் கட்டணம் இருக்கக் கூடாது. படிக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைக்க வேண்டும். சுகாதாரப் பிரிவு மூன்று மாதத்தில் மன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும்' என்று எழுதினால் யார், எதை, எப்போதைக்குள் என்பது மூன்றும் அதில் இருக்கிறது. மன்றம் மறுத்தாலும் ஏன் மறுத்தது என்று பதிவில் இருக்கும், அடுத்த தேர்தலில் அந்தப் பதிவை எடுத்துக் காட்டலாம்.

குழுவுக்கு இருக்கிற ஒரே பலம் இந்தப் பதிவுதான் என்பேன். அதிகாரம் இல்லாதவர்கள் கையில் இருக்கிற காகிதம் தெளிவாக இருந்தால், அதிகாரம் இருப்பவர் அதைக் கண்டும் காணாமல் போவது கஷ்டம். தெளிவில்லாமல் இருந்தால் அது டீ, பிஸ்கட்டோடு முடிகிற கூட்டம்.

தனிநபர் புகார்களை இந்தக் குழு தீர்ப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 'என் வீட்டுத் தெருவிளக்கு எரியவில்லை' என்பது நகராட்சிக்குப் போக வேண்டிய புகார். 'எங்கள் காலனியில் விளக்கு எரியாமல் போனால் சரிசெய்ய மூன்று வாரம் ஆகிறது, பக்கத்து நகரில் மூன்று நாளில் ஆகிறது, ஏன்?' என்பது இந்தக் குழுவின் கேள்வி.

திருவிதாங்கூரில் ஒரு பழைய குழு

ஆலோசனைக் குழு என்பது நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், 1949-க்குப் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி. தாழ்த்தப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் மட்டும் இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவும் தடை இருந்த காலம் ஒன்று அங்கே உண்டு. வைக்கம் போராட்டத்துக்கு அடுத்து சுசீந்திரத்தில் 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. அதற்கெல்லாம் அப்புறம் 1932-ல் திருவிதாங்கூர் அரசு கோயில் நுழைவு பற்றி ஆராய்ந்து ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தது, வி.எஸ். சுப்பிரமணிய ஐயர் தலைமையில். 1934-ல் அறிக்கை வந்தது. கோயிலை உடனே எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, தயங்கித் தயங்கிப் பேசியது. இரண்டு வருடம் கழித்து 1936 நவம்பர் 12 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். ஆலோசனை சொன்னதைவிட அரசு அதிக தூரம் போனது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது, ஆலோசனைக் குழு என்றாலே முற்போக்காக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. யாரைச் சாட்சி கேட்கிறார்கள், யாருடைய அசௌகரியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அறிக்கை அமையும். அந்தக் குழுவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே சாமித்தோப்பில் வைகுண்டர் முத்திரிக் கிணறு தோண்டி எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் செய்தார். மார்பை மறைத்துத் தோள்சீலை போடுகிற உரிமைக்காக எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் போராடி 1859-ல் அரசிடமிருந்து உத்தரவு வாங்கினார்கள். அவர்கள் யாருக்கும் எந்தக் குழுவும் முன்னால் வந்து வழிகாட்டவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கேட்ட பிறகுதான் குழுக்கள் பிறந்தன, நியூயார்க்கிலும் அப்படித்தான், திருவனந்தபுரத்திலும் அப்படித்தான்.

அதனால்தான் குழுவில் உட்காருகிறவர் யார் என்பது இவ்வளவு முக்கியம். கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் 1970-களின் தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மாணவர்களும் மற்றவர்களும் நகர மன்றத்தில் போய்க் கேட்டதால் நடைபாதை ஓரங்களில் சரிவு வெட்டினார்கள். வடிவமைப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படி ஏறத் தெரிந்தவருக்கு ஆறு அங்குலப் படி கண்ணில் படாது. வெட்டிய பிறகு யாருக்கெல்லாம் அது பயன்பட்டது என்று பாருங்கள்: குழந்தை வண்டி தள்ளுகிற தாய், கைவண்டிக்காரர், ஊன்றுகோல் பிடித்த முதியவர். கன்னியாகுமரியில் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற சுற்றுலாப் பயணி யாரையாவது கேளுங்கள், சாய்தளம் யாருக்கு என்று.

நம் ஊரில் என்ன இருக்கிறது

இதே பெயரில் நாகர்கோவில் மாநகராட்சிக்கு ஒரு ஆணையம் வேண்டும் என்று நான் இப்போது வாதாட வரவில்லை. இருப்பதையே நாம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது, 52 வார்டுகள். 2022 பிப்ரவரியில் மாநகராட்சியாக முதல் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கீடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைப்படி ஒதுக்கீடு. இது மன்றத்துக்குள் யார் என்பதற்கான ஏற்பாடு.

மன்றத்துக்கு வெளியே நமக்கு நெருக்கமாக வந்திருப்பது ஏரியா சபை, அதாவது பகுதி சபை. கிராமத்துக்குக் கிராமசபை மாதிரி நகரத்துக்கு இது. 2022-ல் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பல ஊர்களில் கூட்டம் நடந்தது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் கலந்துகொள்ளலாம், மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யார் என்பதை நீங்களே ஒரு முறை போய்ப் பாருங்கள். நான் போன ஒரு கூட்டத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம், பெண்கள் ஏழெட்டுப் பேர், வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்று கேட்டால் ஒருவர் கூட இல்லை. வட மாநிலத்திலிருந்து வந்து இங்கே கட்டட வேலையும் ஹோட்டல் வேலையும் பார்க்கிற தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் இங்கே வாக்கே கிடையாது. ஆனால் குடிநீரும் சாக்கடையும் அவர்களுக்கும்தான்.

அடுத்தது, 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தம். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்குகிறது. கூட்டத்தில் கலந்துகொண்டு பேசலாம், ஓட்டுப் போட முடியாது. இதைக் கேட்டு 'ஓட்டு இல்லாமல் என்ன பயன்' என்று நிறையப் பேர் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மேலே சொன்ன மீன் சந்தைக் கணக்கோடு ஒருவர் மன்றத்தில் எழுந்து நின்றால், அவருக்கு ஓட்டு இல்லை என்பதால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடாது, கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். ஆனால் அவருக்கு அந்தக் கணக்கை யார் எடுத்துத் தருவார்கள்? மன்றக் கட்டடத்துக்குள் அவர் எப்படிப் போவார்? காது கேளாதவராக இருந்தால் சைகைமொழி பெயர்ப்பாளர் உண்டா? நியமனத்தோடு இதுவும் சேர்ந்தால்தான் உட்படுத்துதல்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை இயலாமைகளை அங்கீகரிக்கிறது, மாவட்ட அளவில் குழு அமைக்கச் சொல்கிறது. கட்டடங்களில் அணுகல் வசதி என்பது விருப்பப்பட்டால் செய்கிற விஷயமாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகள் வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொன்று நடைபாதை வியாபாரிகளுக்கானது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும், நகராட்சி ஆணையர் தலைவர், உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான். யாரைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ அவர்களே மேசையில் உட்கார வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒரு குழு உண்மையாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். பரிந்துரைக்கு எழுத்துப்பூர்வமான பதில் வருகிறதா என்பது முதலாவது. எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று மன்றமே விதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள். 'இன்ன தேதிப் பகுதி சபையில் நிறைவேறிய தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது' என்று இரண்டே வரி போதும். நான் ஒரு முறை ஓர் அலுவலகத்துக்கு இப்படி எழுதிக் கேட்ட பிறகுதான் எங்கள் தெருத் தீர்மானம் பதிவேட்டில் ஏறவே இல்லை என்று தெரிந்தது, அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம்.

அப்புறம், கணக்கைப் பிரித்துப் பார்க்கிறார்களா? 'நகரத்தில் இத்தனை கிலோமீட்டர் குழாய் போட்டோம்' என்பது மொத்தக் கணக்கு. எந்த வார்டில் எத்தனை, காலனியில் எத்தனை, கடற்கரைத் தெருவில் எத்தனை என்று பிரித்தால்தான் யார் விடுபட்டார்கள் என்று தெரியும். எழுத்தறிவில் குமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று படிவத்தை இணையத்தில் மட்டும் வைத்தால், நூற்றுக்கு மீதி எட்டுப் பேரில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகும்.

கடைசியாக, கூட்டம் எங்கே, எந்த நேரத்தில், எந்த மொழியில். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் நிறைய, கடற்கரையில் பேசுகிற தமிழ் வேறு, அலுவலகத் தமிழ் வேறு. 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்குகிற அறிவிப்பை எங்கள் பெரியம்மா இரண்டாவது வரியில் மடித்து வைத்துவிடுவார், அவர் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்.

அன்று இவ்வளவும் பேசி முடித்த பிறகு அக்கா வீடியோ காலில் வந்தாள். பெரியம்மா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உங்க கூட்டம் எத்தனை மணிக்கு பிள்ளே?" என்றார். ராத்திரி ஏழு மணிக்கு என்றாள். "முடிய?" ஒன்பதாகும். "அங்க கார் இல்லாதவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க?" அக்கா கொஞ்சம் யோசித்தாள். அந்த ஊரில் கடைசிப் பஸ் எட்டேகாலுக்கு. கூட்டத்துக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் காரில் வந்தவர்கள்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், கூட்ட நேரத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றுவது பற்றி அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறார்களாம், நான்காவது பொருளாக.